குதிரை நொண்டியது... மனுஷன் ஓடினார்!

நூறு மைல்! நம் கணக்கில் 160 கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலே மூன்று, நாலு மணி நேரம் ஆகி, இறங்கும்போது 'அப்பாடா... இடுப்பு ஒடிஞ்சு போச்சு' என்போம். அந்தத் தூரத்தை மலைப்பாதையில், ராத்திரி பகலாக ஓடியே கடக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

'சுத்தப் பைத்தியக்காரத்தனம்' என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால், அந்த 'பைத்தியங்களின்' உடம்பைச் சோதித்துப் பார்த்த டாக்டர்களுக்கு, நாம் காலம் காலமாக நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயமே தலைகீழாகிப் போனது. என்ன விஷயம்? தண்ணீர்!

அதற்கு முன்னால் ஒரு குதிரைக் கதை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் 'டெவிஸ் கப்' என்று ஒரு குதிரைப் பந்தயம் உண்டு. 24 மணி நேரத்துக்குள் குதிரையில் நூறு மைல் கடந்தால் வெள்ளியில் ஒரு பெல்ட் பக்கிள் பரிசு. கார்டி ஐன்ஸ்லி என்ற வாட்டசாட்டமான இளைஞர் 1971-லும் 1972-லும் இதை முடித்துக் காட்டினார். 1973-ல் புதுக் குதிரையோடு போனார். 29-வது மைலில் குதிரை நொண்ட ஆரம்பித்துவிட்டது. பந்தயம் அவ்வளவுதான்!

அந்தப் பந்தயத்தில் முதன்முதலாக ஜெயித்த பெண்மணியான ட்ரூசில்லா பார்னர்தான் அவரை உசுப்பிவிட்டார், குதிரையே இல்லாமல் ஓடிப் பார்க்கச் சொல்லி. மனுஷன் நிஜமாகவே 1974 ஆகஸ்ட்டில் குதிரைகளோடு குதிரையாக நின்றார். மலை, பள்ளத்தாக்கு, கொளுத்தும் வெயில் எல்லாவற்றையும் தாண்டி 23 மணி 42 நிமிடத்தில் ஊர் வந்து சேர்ந்தார்!

1977-ல் இது மனிதர்களுக்கான போட்டியாகவே ஆகிவிட்டது. 14 ஆண்கள் ஓடினார்கள். முடித்தவர்கள் மூன்றே பேர். அந்த வருஷம் குதிரைப் பந்தயத்தோடு சேர்த்தே நடந்ததால், வழியில் மூன்று இடங்களில் ஓட்டக்காரர்களைக் கவனித்துக்கொண்டது யார் தெரியுமா? குதிரைகளுக்கு வந்திருந்த கால்நடை டாக்டர்கள்!

இன்றைக்கும் ஜூன் கடைசியில் நடக்கும் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' ஓட்டத்தின் பூர்வகதை இதுதான். விடியற்காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலியில் கிளம்ப வேண்டும். கிளம்பின உடனேயே செங்குத்தான ஏற்றம். சில வருஷங்களில் உச்சியில் பனி கிடக்கும். மத்தியானம் பள்ளத்தாக்குகளில் 40 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும் வெயில். ராத்திரி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆபர்ன் ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் முடியும். 24 மணி நேரத்துக்குள் வந்தால் வெள்ளி பக்கிள், 30 மணி நேரத்துக்குள் வந்தால் வெண்கலம். அதற்கு மேல் ஒரு விநாடி ஆனாலும் ஒன்றும் கிடையாது.

ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்போம். இல்லை, தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்! மொத்தம் சுமார் 5,500 மீட்டர் ஏறி, 7,000 மீட்டர் இறங்குகிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி பிரேக் போட்டால், தசை நார்கள் அங்கங்கே கிழிந்து, உள்ளே இருக்கும் புரதம் ரத்தத்தில் கசியும். அளவுக்கு மீறினால் அந்தக் கசிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போகும். 'ராப்டோமயோலிசிஸ்' என்று வாயில் நுழையாத பெயர் இதற்கு. ஓடுகிறவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் பேசிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

எடை பார்க்கும் மிஷின்

இப்போது தண்ணீருக்கு வருவோம். பல வருஷங்களாக இந்த ஓட்டத்தில், கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் எடை போட்டு, கையில் கட்டும் பட்டையில் எழுதிவிடுவார்கள். வழியிலும் நிறுத்தி எடை பார்ப்பார்கள். எடை குறைந்தால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். 7 சதவிகிதம் குறைந்தால், 'போதும்பா, வீட்டுக்குப் போ' என்று நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. பாவம், அதற்குப் பயந்தே மடக் மடக்கென்று குடித்தவர்கள் உண்டு.

போகப் போகத்தான் புரிந்தது... எடை கொஞ்சம் குறைவது சகஜம், ஏறுவதுதான் ஆபத்து! நூறு மைல் ஓடும்போது உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரையும் கொழுப்பும் எரிந்து தீர்கின்றன. எடை குறையாமல் எப்படி இருக்கும்? ஒருவர் எடை அப்படியே இருக்கிறது, அல்லது ஏறியிருக்கிறது என்றால், தேவைக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

'அதிகமானால் சிறுநீராகப் போய்விடாதா?' என்று கேட்பீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது போய்விடும். மணிக்கணக்கில் உடம்பை வருத்தும்போது, சிறுநீரைக் குறைத்து நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் ஓயாமல் சுரக்கிறது. குடித்தது வெளியே போக வழியில்லை. ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகிறது. செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. கால் உப்பினால் செருப்பு இறுகும், அவ்வளவுதான். மூளை உப்பினால்? மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் ஏது? தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று வரிசையாக வரும்.

இதில் இன்னொரு கொடுமை, தலைவலியும் வாந்தியும் தண்ணீர் வற்றினாலும் வரும். 'ஐயோ, தண்ணி பத்தலை போலிருக்கு' என்று பக்கத்தில் இருப்பவர் இன்னும் ஒரு பாட்டிலை நீட்டுவார். நல்ல மனசுதான்... ஆனால், எரிகிற தீயில் எண்ணெய்! இதற்கு மருந்து அடர்த்தியான உப்புக் கரைசல். அதை டாக்டர்தான் ஏற்ற வேண்டும்.

மலை ஓட்டத்தில் மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்துபோனார். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. 2005-ல் வெளிவந்த ஆய்வு இது. உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடாதா என்றால், அளவு மீறிக் குடிப்பவரை உப்பு காப்பாற்றுவதில்லை. 'தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு'... இன்று ஓட்டக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்வது இவ்வளவுதான். (இதைப் படித்துவிட்டு, வெயிலில் அலைகிற நீங்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அது வேறு வம்பு!)

மாத்திரை மாயம்

வலி தெரியாமல் இருக்க 'இபுப்ரோஃபென்' மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. இதே ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2006-ல் வெளியானது. மாத்திரை போட்டவர்களுக்கு வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாறாக, உடம்பில் அழற்சிதான் அதிகமாக இருந்தது! ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போவதால் குடல் பட்டினி கிடக்கிறது. அதன் சுவர் பலவீனமாகி, கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கசிகிறது. மாத்திரை அதை இன்னும் மோசமாக்குகிறது. போதாக்குறைக்கு சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கிறது. தசைக் கசிவைச் சமாளிக்க முடியாமல் சிறுநீரகம் திணறும் நேரத்தில்!

உடம்பு எப்போது கைவிடும் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாது. 2006-ல் முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்த வீரர், கோட்டுக்கு முந்நூறு கஜம் இருக்கும்போது சுருண்டு விழுந்தார். எழுந்தார்... மறுபடி விழுந்தார். கூட வந்தவர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அடுத்தவர் உதவியோடு முடிக்கக்கூடாது என்பது விதி. வெற்றி செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அவர் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதே மைதானத்தில் 2015-ல் நடந்ததையும் கேளுங்கள். கன்ஹில்ட் ஸ்வான்சன் என்ற பெண்மணி. வயது 70! நடுவில் வழி தவறி வேறு போய்விட்டதால் நேரம் வீணாகிவிட்டது. கடைசி ஒன்றரை மைல் இருக்கும்போது, 'இனி தேறாது' என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். அந்த வருஷம் ஜெயித்த ராப் க்ரார், முதல் நாளே ஓடி முடித்தவர், காலில் ரப்பர் செருப்போடு அந்த அம்மாவின் கூடவே ஓடி வந்தார். மைதானத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கத்துகிறது. கடிகாரம் 30 மணி நேரத்தை நெருங்குகிறது.

29 மணி, 59 நிமிடம், 54 விநாடி. ஆறு விநாடி மிச்சம்! அந்த ஓட்டத்தை முடித்த முதல் எழுபது வயதுப் பெண்மணிக்கு ஒரு வெண்கல பக்கிள்.