காத்திருக்கும் நான்கு வாரங்கள்

கிறிஸ்துமஸ் பண்டிகையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் அப்பண்டிகைக்கு முன்னே நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட ஓர் ஆயத்த காலம் உண்டென்பதைக் கிறிஸ்தவரல்லாத நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். லத்தீன் பாஷையில் அதற்கு 'அத்வெந்துஸ்' என்று பெயர். 'வருகை' என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். நவம்பர் 30-ஆம் தேதி அப்போஸ்தலர் அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிகவும் சமீபமான ஞாயிற்றுக்கிழமையில் இக்காலம் தொடங்குகிறது. மேலைத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு பிறப்பதும் அன்றுதான்.

வருகிறவர் யார் என்பதில் ஐயமில்லை. எப்பொழுது வருகிறார் என்பதே கேள்வி. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த துறவி பெர்னார்டு, இயேசுநாதரின் வருகை மூவகைப்பட்டது என்று உபதேசித்தார். பெத்லகேமில் குழந்தையாக வந்தது முதலாவது. யுக முடிவில் மகிமையோடு வரப்போவது கடைசி. இவ்விரண்டுக்கும் நடுவே, அன்றாடம் பக்தனுடைய உள்ளத்தில் ஓசையின்றி வருவது மற்றொன்று. முதலாவதை நினைவுகூரலாம், கடைசியை எதிர்நோக்கலாம். நடுவிலுள்ளதற்கோ இப்பொழுதே இடம் ஒழித்து வைக்க வேண்டும்.

பழைய காலத்தில் இவ்வாயத்தம் உபவாசமாக இருந்தது. 5-ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து மேற்றிராணியாரான பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரையில் வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி விதித்தார். இன்றும் இந்நாட்களில் பல ஆலயங்களில் குருமார் ஊதா நிற அங்கி தரிக்கிறார்கள். பண்டிகை நெருங்கிவிட்ட மகிழ்ச்சிக்கு அடையாளமாக, மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ரோஜா நிறம் அணிவதுண்டு.

ஆயினும் பட்டினி கிடப்பதுதானா ஆயத்தம்? இக்காலத்தில் ஆலயங்களில் வாசிக்கப்படும் யோவான் ஸ்நானகனின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று ஜனங்கள் அவரிடம் கேட்டார்கள். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார் அவர். வரி வசூலிப்போரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதிருங்கள் என்றார். சிப்பாய்களிடம், எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் சம்பளத்தோடு திருப்தியடையுங்கள் என்றார். பார்த்தீர்களா? வருகிறவருக்கு வழி சீராக்குவது அயலானுக்கு நியாயம் செய்வதில் தொடங்குகிறது!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகே யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்பவர் 1833-ஆம் வருஷத்தில் ஏழைக் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் ஏற்படுத்தினார். "பண்டிகை எப்போது வரும்?" என்று அக்குழந்தைகள் தினந்தோறும் நச்சரிப்பார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி வைத்தார். வார நாளுக்கு ஒரு சிறு சிவப்பு வர்த்தி; ஞாயிறுதோறும் ஒரு பெரிய வெள்ளை வர்த்தி. குளிர்காலத்தில் அங்கே பகல் நாளுக்கு நாள் குறுகும். சக்கரத்தின் வெளிச்சமோ நாளுக்கு நாள் பெருகிற்று. இன்று உலகமெங்கும் ஆலயங்களில் காணப்படும் நான்கு வர்த்தி வளையத்துக்கு அச்சக்கரமே மூலம்.

அதே ஜெர்மனியில், நூறு ஆண்டுகளுக்குப் பின், இக்காலத்தின் கடுமையான பொருளைச் சிறைக்கூடம் ஒன்று விளக்கிற்று. 1943-ஆம் வருஷம் ஹிட்லரின் அரசாங்கம் தீத்ரிக் போன்ஹோஃபர் என்னும் புராடெஸ்டண்டு போதகரைப் பெர்லினில் தேகல் சிறையில் அடைத்தது. சிறை அறைக்கும் திருவருகைக் காலத்துக்கும் ஒற்றுமை உண்டென்று அங்கிருந்து நண்பருக்கு அவர் எழுதினார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், ஏதேதோ செய்கிறான். கதவோ வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும்.

அப்படியானால், உள்ளே இருப்பவனுடைய ஆயத்தத்தினால் என்ன பயன்? மறு வருஷம் அதே சிறையிலிருந்த ஆல்ஃபிரட் டெல்ப் என்னும் கத்தோலிக்கத் துறவியின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது. ஹிட்லருக்குப் பிறகு நீதியான சமூகம் அமைவது எப்படி என்று ஆராய்ந்த குழுவில் அவர் சேர்ந்திருந்தார். விலங்கிட்ட கைகளாலேயே திருவருகைக் காலத்தைப் பற்றித் தியானங்கள் எழுதினார். அந்தத் தாள்கள் சலவைத் துணிகளோடு இரகசியமாக வெளியே போயின. உலுக்கப்பட்டு விழித்துக்கொள்ளும் காலம் இது என்பது அவர் கருத்து. இயேசு சபையை விட்டு விலகினால் உயிர் பிழைக்கலாம் என்று ஆசை காட்டினார்கள், அவர் மறுத்துவிட்டார். 1944 டிசம்பர் 8-ஆம் தேதி சிறையிலேயே துறவறத்தின் இறுதி வாக்குறுதியை அளித்தார். 1945 பிப்ரவரி 2-இல் தூக்கிலிடப்பட்டார். போன்ஹோஃபரும் அவ்வருஷம் ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார்.

இக்காலத்தில் கடைவீதிகள் நவம்பரிலேயே கிறிஸ்துமஸைக் கொண்டாடத் தொடங்கிவிடுகின்றன. காத்திருக்க எவருக்கும் அவகாசமில்லை. ஆயினும் அவ்விரு கைதிகளும் நமக்கு உணர்த்தியது ஒன்று உண்டு. கதவைத் திறப்பது மனிதன் கையில் இல்லாமலிருக்கலாம். திறக்கும் வேளையில் உள்ளே இருப்பவன் எத்தகைய மனிதனாக இருக்கிறான் என்பது மட்டும் அவன் கையிலேயே இருக்கிறது.