கணினித் தமிழும் மரைப் பொருத்தமும்

உழவர் ஒருவர் தம் கிணற்றில் நீரிறைக்கும் பொறியை அமைக்கும்போது அதன் உறுப்புக்களை யெல்லாம் தாமே வார்த்துக் கொள்வதில்லை. எங்களூராகிய கடமலைக்குண்டில், மூல வைகைக் கரைத் தோட்டங்களில் இதனை நாடோறுங் காணலாம். மோட்டார் கோயமுத்தூரிற் செய்ததா யிருக்கும். குழாய் வேறோ ரூரினின்று வந்ததா யிருக்கும். வளைவும் வால்வும் தேனிக் கடையில் வாங்கியனவா யிருக்கும். இவற்றைச் செய்தோர் ஒருவரை யொருவர் கண்டதுமில்லை. ஆயினும் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. என்னை காரணம்? குழாயின் அகலமும் மரையின் அளவும் முன்னரே வரையறுக்கப்பட்டு, யாவராலும் ஏற்றுக் கொள்ளப்பட்டமையே. மரை பொருந்தாவிடின், விலையுயர்ந்த மோட்டாரும் வரப்பிற் கிடக்கும் வெற்றிரும்பே யாகும்.

மொழியைக் கையாளுங் கணிப்பொறிக் கருவிகட்கும் இஃது ஒக்கும். எழுத்தெண்ணுவது, சொற்பிரிப்பது, பிழை திருத்துவது, மொழிபெயர்ப்பது என அக்கருவிகள் பலவாம். ஒவ்வொருவரும் அனைத்தையும் அடியிலிருந்து தாமே படைக்கப் புகின் ஆயுள் போதாது. ஒருவர் செய்த உறுப்பைப் பிறர் எடுத்துத் தம் பணியிற் பொருத்திக் கொள்ளுமாறு செய்வதே அறிவுடைமை. அது தமிழில் எங்ஙனம் நிகழ்ந்து வருகின்ற தென்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

இதனை நான் நூலிற் கற்றதினும் பட்டறிந்ததே மிகுதி. என் பாட்டனார், வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலுள்ள ஓடை, ஊற்று, புலம், பாறை ஆகியவற்றின் பெயர்களையும் அப்பெயர்கள் வந்த வரலாற்றையும் முதியோரிடங் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதனைத் தட்டச்சுக் கடை யொன்றிற் கொடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுவித்தார். பின்னர்க் குறிப்பேட்டைக் கறையான் அரித்தது, பாட்டனாரும் காலமானார். சென்ற ஆண்டு அக்கோப்பைக் கல்லூரியில் திறந்து பார்த்தபோது தமிழெழுத் தொன்றையுங் காணேன். பொருளற்ற ரோம எழுத்துக்களும் குறிகளுமே நிரம்பி யிருந்தன. ஒருவரது நெடுநாள் உழைப்பு கண்முன்னே யிருந்தும் வாசிக்க வொண்ணாததாயிற்று.

காரணம் இதுவே. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எவ்வெழுத்திற்கு எவ்வெண் என்பது மக்கள் தம்முள் வைத்துக் கொண்ட வழக்கு. முன்னாளில் தமிழ் எழுத்துருச் செய்தோர் பலர், தத்தமக்குத் தோன்றியவாறு ரோம எழுத்துக்களின் எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். 1999 ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் பொது முறைகள் வகுக்கப்பட்டன. உலக மொழிகட் கெல்லாம் பொதுவான யூனிக்கோடு, 1991 இல் வெளிவந்த தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடந்தந்தது. ஆயினும் தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010 இலேயாம். இவ்விடைக்காலத்திலும் அதன் பின்னரும் பழைய எழுத்துருக்களிற் பதிவான ஏடுகள் பல, என் பாட்டனார் கோப்பைப் போலவே ஊமையாயின.

அவ்வூமையைப் பேசுவித்தது ஓப்பன்-தமிழ் என்னுங் கருவித் தொகுதி. முத்து அண்ணாமலை முதலிய ஆர்வலர், பைதான் என்னும் நிரல்மொழியில் இதனை இயற்றி, எவரும் எடுத்தாளவும் மாற்றவும் உரிமையளித்து வெளியிட்டுள்ளனர். பழைய எழுத்துருக் குறியீடுகள் பலவற்றை யூனிக்கோடாக மாற்றும் உறுப்பு இதன்கண் உண்டு. சில வரிகள் எழுதி அதனை அழைத்தேன். சிற்சில எழுத்துக்கள் நீங்கலாகப் பாட்டனார் சொற்கள் மீண்டும் எழுந்து நின்றன. அவ்வுறுப்பைச் செய்தோர்க்கு என் பாட்டனாரையுந் தெரியாது. எங்கள் ஓடைகளையுந் தெரியாது. ஆயினும் அவர்தம் உழைப்பு எனக்குப் பொருந்திற்று.

எழுத்து மீண்டபின் வேறோர் இடர் தோன்றிற்று. 'கொடி' என்னுஞ் சொல்லைத் தேடினேன். கண்ணெதிரே இருந்தும் அது கிட்டவில்லை. 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிக்கோடில் ஓரெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என ஈரெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, பொறிக்கோ அவை வெவ்வேறு. இவ்விரண்டையும் ஒரு வடிவாக்கும் நெறியை யூனிக்கோடே வகுத்துள்ளது. அன்றியும், ஈரெழுத்தாகிய இச்சொல்லைப் பொறி 4 என்றோ 5 என்றோ எண்ணும். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் உறுப்பும் மேற்கூறிய தொகுதியில் உண்டு. வெண்பாவிற் சீர் பிரிக்க விழைவோரும், பிழைதிருத்தி இயற்றுவோரும், சிறுவர்க்குச் சொல்விளையாட்டு அமைப்போரும் அவ்வொன்றையே பயன்கொள்ளலாம்.

எழுத்து முடிந்தபின் சொல். 'நடந்தனன்' என்பதைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரிக்க நன்னூல் நமக்குக் கற்பிக்கின்றது. இப்பணியைப் பொறி செய்தற்கென இலங்கை ஆய்வாளர் சர்வேஸ்வரனும் உடனாய்வாளரும் இயற்றியது தமிழிமார்ஃப். அதனை விளக்கும் ஆய்வுரை 2021 இல் வெளிவந்தது. சொற்புணர்ச்சி விதிகளை, ஒரு நிலையினின்று மறுநிலைக்கு எழுத்தெழுத்தாகச் செல்லும் வழிகளாக அஃது அமைக்கின்றது. அவ்வழிகளை அமைக்க உதவும் ஃபோமா என்னுங் கருவியோ தமிழுக்கெனச் செய்யப்பட்டதன்று. பல மொழிகட்கும் பொதுவானது.

உறுப்புக்கள் ஒருங்கு கூடிய சிறந்த சான்று, சர்வேஸ்வரனும் கிஹான் டயஸும் 2020 இல் வெளியிட்ட தமிழி-யூடிபி ஆகும். வாக்கியத்தில் எச்சொல் எச்சொல்லைத் தழுவுகின்ற தென்பதை அது காட்டும். சொற்களை எல்லை பிரிக்க, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தார் செய்த ஸ்டான்சா. சொல்வகையைப் பொறிக்குப் பயிற்றக் கோவை அமிர்தா நிலையத்தார் குறியிட்ட தொகுப்பு. சொல்லுறுப்புக் காணத் தமிழிமார்ஃப். சொற்றொடர்பு காண, சுவீடன் நாட்டு உப்சாலாவில் இயன்ற பகுப்பி. அதனைப் பயிற்றச் செக் நாட்டுப் பிராகு நகரில் ஆக்கிய 600 தமிழ் வாக்கியங்கள். ஐந்திடத்துக் குழாய்கள் ஒரு கிணற்றிற் பொருந்தியவாறு காண்க. இங்கு மரையாவது, யுனிவர்சல் டிபெண்டென்சிஸ் எனப்படும் உலகப் பொதுமுறை: சொல் ஒன்றுக்கு ஒரு வரி, வரி ஒன்றுக்கு 10 பத்திகள், சொல்வகைகள் 17.

பொது அளவிற்கு இசைவதால் தமிழின் தனித்தன்மை குன்றாதோ வெனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் தக்கதே. அமிர்தாவின் குறியீட்டு வகைகள் 32. அவை பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் வெவ்வேறாகக் குறிக்கும். பொதுமுறையின் 17 வகைகளுள்ளோ இரண்டும் வினை என ஒன்றாய் அடங்கும். ஆயினும் அம்முறை, அந்தந்த மொழிக்குரிய குறியீட்டிற்கென ஒரு பத்தியையும், எச்சம் முதலிய இயல்புகட்கென மற்றொரு பத்தியையும் ஒழித்து வைத்திருக்கின்றது. நல்ல மரை குழாயின் வாயை மட்டுமே வரையறுக்கும். உள்ளோடும் நீரை வரையறாது.

ஆதலின் பிறர்க்குப் பயன்படும் உறுப்பொன்று செய்ய விரும்புவார் கருதற்பாலன மூன்று. ஓருறுப்பு ஒருதொழிலே செய்தல் வேண்டும். அது கொள்ளுவதும் தருவதும் யாவரும் அறிந்த பொது வடிவில் இருத்தல் வேண்டும். எடுத்தாளும் உரிமையும் பயன்படுத்தும் முறையும் தெளிய எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், பட்டத்திற்கெனச் செய்த கருவி பட்டத்தோடே ஒழியும். பின்வந்த மாணவர் மீண்டும் அதே கிணற்றைத் தோண்டுவர்.

இப்பணி பொறியியல் மாணவர்க்கே யுரியதென நாம் வாளா இருத்தல் தகாது. பிராகு நகரத்தார் கொண்ட அவ்வாக்கியங்கள் நாளிதழ்த் தமிழிலிருந்து எடுக்கப்பட்டவை. நாளிதழ் நடையிற் பயின்ற பொறி, மலையடிவாரத்து முதியோர் பேச்சைக் கேட்டு மருளுதல் இயல்பே. சொல் இன்ன பகுதியது, இன்ன பொருளது என்று கூற வல்லார் இலக்கணம் பயின்ற நம்மனோரே யன்றோ?

என்னளவில் சிறிது தொடங்கியுள்ளேன். பாட்டனார் தொகுத்த பெயர்களை யூனிக்கோடில், வரிக்கு ஒரு பெயராக, இடம், பொருள், கூறியவர் ஊர் எனப் பத்தி பிரித்து எழுதி வருகின்றேன். எழுதி முடித்தபின் எவரும் எடுத்தாளும் உரிமையோடு வெளியிடுவேன். என்றேனும் யாரோ ஒருவர் தம் கருவியில் அதனைப் பொருத்துவார். அவருக்கு என் பாட்டனாரைத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. மரை பொருந்தினாற் போதும்.