பள்ளிச் சிறுவர்களும் விதை இறங்காக் குறைபாடும்

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் பேணுதல் நம் நாட்டிற்குப் புதிய கருத்தன்று. பள்ளியில் சேரும்போதும், பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை தேவை என, ரேணுகா ரே தலைமையிலான பள்ளிச் சுகாதாரக் குழு 1961இல் பரிந்துரைத்தது. 2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்டிரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொருமுறை செல்ல வேண்டும். எனினும், அத்திட்டம் தொடக்கத்தில் வகுத்த 30 நோய்நிலைகளின் பட்டியலில் விதை இறங்காக் குறைபாடு தனிப்பெயருடன் இடம்பெறவில்லை. வலியற்ற, சிறுவர் சொல்ல நாணும் இக்குறை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

குறைபாட்டின் தன்மை

கருவில் வயிற்றினுள் உருவாகும் விதைகள், பிறப்பதற்கு முன்பே விதைப்பைக்குள் இறங்கிவிடுதல் இயல்பு. நிறைமாத ஆண் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு ஒரு விதையேனும் இறங்குவதில்லை. குறைமாதக் குழந்தைகளிடையே இவ்விகிதம் மிக அதிகம். பலருக்கு முதற் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆறு மாதத்திற்குப் பின் அவ்வாறு நிகழ்வது அரிது. உடலின் உள்வெப்பத்தில் தங்கும் விதையில் விந்தணு உற்பத்தி நலிவதோடு, பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே 6 முதல் 18 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தல் சாலச் சிறந்தது.

பள்ளியில் ஏன்?

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, குழந்தைப் பருவத்தில் கவனிக்கப்படாதவர்களைக் கண்டறிதல். இரண்டாவது, முன்பு இறங்கியிருந்த விதையே சிலருக்கு வளரும் பருவத்தில் மேலேறிவிடுகிறது. பூப்புப் பருவத்திற்கு முன் சிகிச்சை பெற்றால் புற்றுநோய் அபாயம் குறையும்.

பெற்றோரின் இசைவு பெற்று, மறைவான இடத்தில், ஆண் மருத்துவரே பரிசோதித்தல் முறை. குளிராலும் அச்சத்தாலும் விதை மேலே இழுத்துக்கொள்ளும். எனவே சிறுவனைச் சம்மணமிட்டு அமரச் செய்து, வெதுவெதுப்பான கையால் பார்க்க வேண்டும். கீழே கொணர்ந்தபின் அங்கேயே நிற்கும் விதைக்கு அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கண்காணித்தால் போதும்.

செலவும் பயனும்

மருத்துவர் பள்ளிக்கு வந்துவிட்டபின், இப்பரிசோதனைக்கு ஆகும் கூடுதல் செலவு சில நிமிடங்களே. ஆனால் பதிவேட்டில் பெயர் எழுதுவதால் மட்டும் பயன் விளையாது. நாட்கூலி பெறும் தந்தை வேலையை விட்டு, மகனை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அப்பயணத்திற்கு வழிசெய்யாத திட்டம் பாதியில் நின்றுவிடும். பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதைவிட, சிகிச்சை முடிந்தோர் எத்தனை பேர் என்பதே வெற்றியின் அளவுகோலாக அமைதல் வேண்டும். பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையே முதல் சல்லடை. பள்ளிப் பரிசோதனை அதில் தப்பியோரைக் காக்கும் இரண்டாம் சல்லடையாகும்.