தப்பு உங்க கையிலா, கிளப்பிலா? கோல்ஃப் செட் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பாபி ஜோன்ஸ், அமெரிக்கர், தொழில்முறையில் வக்கீல். 1930-ல் ஒரே வருடத்தில் அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், இரு நாடுகளின் அமெச்சூர் சாம்பியன்ஷிப் என நான்கையும் வென்றவர். பரிசுப் பணத்துக்காக ஆடாமல், அமெச்சூராகவே ஆடி ஓய்வுபெற்றவர்.

அவர் ஆடிய கிளப்களின் தண்டு ஹிக்கரி மரத்தால் ஆனது. மரம் என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அளந்து பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. ஜோன்ஸ் கையில் பிடித்து, ஆட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் தன் செட்டைச் சேர்த்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த கிளப்களைக் கருவி வைத்து அளந்தார்களாம். எல்லாமே அச்சு அசலாக ஒத்துப்போயின, ஒன்றே ஒன்றைத் தவிர. "அந்த ஒண்ணு மட்டும் எனக்கு என்னைக்குமே செட் ஆனதில்லை" என்கிற மாதிரி ஜோன்ஸ் சொன்னாராம். கோல்ஃப் உலகில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை இது.

அனுபவமுள்ள அமெச்சூர் ஒருவர் கிளப் வாங்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இந்தக் கதைக்குள் இருக்கிறது. பந்து கோணலாகப் போவது என் தப்பா, கிளப்போட தப்பா? புதிதாக ஆட வருபவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். பொருந்தாத கிளப்பை வைத்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்வது ஒரு வகை. ஸ்விங் சரியில்லாதபோது புது கிளப் வாங்கிக் காசைக் கரைப்பது இன்னொரு வகை.

ஆபீஸ் டோர்னமென்ட்டுக்குக் கூப்பிட்டாங்க, ஒரு செட் வாங்கிடலாமான்னு யோசிக்கிறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க.

பையில் எத்தனை கிளப் இருக்கலாம்?

அதிகபட்சம் 14. அதற்கு மேல் இருந்தால் ஒரு ஹோலுக்கு 2 ஸ்ட்ரோக் வீதம், ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக் அபராதம். இந்த உச்சவரம்பை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-ல் கொண்டுவந்தது, பிரிட்டன் 1939-ல். அதற்கு முன்பு 20-க்கும் மேற்பட்ட கிளப்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் உண்டு.

14 என்பது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை. 1916-ல் சிக் எவன்ஸ் என்ற அமெச்சூர், அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர் இரண்டையும் வெறும் 7 கிளப் வைத்து ஜெயித்தார்.

கிளப்பில் இருக்கும் நம்பரை நம்பலாமா?

கூடாது. 7 அயர்ன், 8 அயர்ன் என்று அடியில் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. பந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் போகும் என்பதில் பெரும்பங்கு லாஃப்ட்டுக்கு. அதாவது, கிளப்பின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்.

முன்பெல்லாம் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் 48 முதல் 50 டிகிரி வரை இருந்தது. இன்று பல செட்களில் 44-45 டிகிரிதான். கோணம் குறைந்தால் பந்து கூடுதல் தூரம் போகும். "புது 7 அயர்ன்ல 15 கஜம் அதிகமா அடிக்கிறேன்" என்று நண்பர் பெருமைப்பட்டால், அது பழைய 6 அயர்னின் கோணமாகவே இருக்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிட்சிங் வெட்ஜ் 44, சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 12 டிகிரி ஓட்டை. அந்தத் தூரத்துக்கு உங்களிடம் கிளப்பே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்கு இடம் வேண்டுமே? அடிக்கவே கஷ்டமான 3, 4 அயர்ன்களைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைப்ரிட் வைப்பார்கள். இவர்களின் கணக்கு எளிது. ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து அடித்து, நடுவாக வந்த தூரத்தை எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கு அடித்த பெஸ்ட் ஷாட் அந்தக் கணக்கில் சேராது.

ஷாஃப்ட்டில் ஈகோ வேண்டாம்

தண்டு எவ்வளவு வளையும் என்பதை ரெகுலர், ஸ்டிஃப் என்று குறிப்பார்கள். டிரைவரின் ஸ்விங் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் ரெகுலர், அதற்கு மேலே போனால் ஸ்டிஃப் என்பது தோராயக் கணக்கு. ஆனால், ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலர் போலவே இருக்கலாம். இதற்கும் பொது அளவுகோல் இல்லை.

ஸ்டிஃப்னு எழுதியிருந்தா கெத்து என்ற நினைப்பில் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். எடையும் முக்கியம். அயர்ன்களில் ஸ்டீல் தண்டு பெரும்பாலும் 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 80 கிராம். முழங்கை வலி, தோள் வலி இருப்பவர்கள் பலர் கிராஃபைட்டுக்கு மாறுவதற்குக் காரணம் இதுவும், அதிர்வு குறைவதும்தான்.

ஒரு மார்க்கர் போதும்

கிளப்பைத் தரையில் வைக்கும்போது தண்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள கோணம், லை. வலது கைக்காரருக்கு இது அதிகமாக நிமிர்ந்திருந்தால் பந்து இடது பக்கம் போகும். படுத்திருந்தால் வலது பக்கம். வருடக்கணக்காக "என் ஸ்விங்தான் சரியில்லை" என்று புலம்புபவர்களுக்கு, சில நேரம் இந்த இரண்டு டிகிரிதான் வில்லன்.

சோதிப்பது சுலபம். அழியக்கூடிய மார்க்கரால் பந்தில் செங்குத்தாகத் தடிமனான கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்க்குமாறு வைத்து அடியுங்கள். முகத்தில் ஒட்டும் மை நேராக இருந்தால் லை சரி, சாய்ந்திருந்தால் சரியில்லை. அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு அயர்ன்களை இரண்டு டிகிரி வரை வளைத்துக் கொடுப்பார்கள். வார்ப்பில் செய்த சில கிளப்கள் வளைத்தால் உடையவும் கூடும் என்பதால் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

காசு கம்மி, பலன் அதிகம்: க்ரிப்

உடம்பு கிளப்பைத் தொடும் ஒரே இடம் க்ரிப். பலர் கடைசியாகக் கவனிப்பதும் அதைத்தான். பிடித்துப் பாருங்கள். மேல் கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கையின் சதைப்பகுதியை லேசாகத் தொட வேண்டும். உள்ளே குத்தினால் க்ரிப் மெலிது, தொடவே இல்லை என்றால் தடிமன். க்ரிப்புக்கு அடியில் ஒரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றினால், ஒரு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு கூடும். சென்னை வெயிலில் வியர்வை வழிய ஆடுபவர்களுக்கு நூல் கலந்த கார்டு க்ரிப் நழுவாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

டிரைவர் நீளமா இருந்தா நல்லதா?

விதிப்படி 48 அங்குலம் வரை போகலாம் (சில போட்டிகள் 2022 முதல் 46-ஐ உச்சவரம்பாக வைக்கின்றன). கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் பந்து முகத்தின் நடுவில் படுவது குறையும். அதனால் விவரமானவர்கள் அரை அங்குலம், ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடிக்கிறார்கள். சிலர் தண்டையே வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டினால் தலைப்பகுதி இலேசாகத் தோன்றும். கிரிக்கெட் பேட் தூக்கும்போது பிக்-அப் என்று சொல்வோமே, அதேதான். கோல்ஃபில் இது ஸ்விங் வெயிட். அரை அங்குலம் குறைந்தால் சுமார் 3 புள்ளி இறங்கும். தலையில் 2 கிராம் ஈய டேப் ஒட்டினால் சுமார் ஒரு புள்ளி ஏறும். கணக்குப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போதைய டிரைவர்களில் ஸ்க்ரூ திருகி லாஃப்ட்டை மாற்ற முடியும். லாஃப்ட்டைக் கூட்டினால் முகம் லேசாக இடது பக்கம் மூடும் என்பதை மறக்க வேண்டாம். ரவுண்டு தொடங்கிய பிறகு திருகி ஆடினால் விதிமீறல். இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பட்டரை ஏன் யாரும் மாற்றுவதில்லை?

பழைய ஆட்டக்காரர்கள் டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பட்டரை மட்டும் விட மாட்டார்கள். காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் பெங்களூருவின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது, நாடே அதிகாலையில் எழுந்து கோல்ஃப் பார்த்தது. டிரைவர் தூரத்தில் அவர் மற்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தார். அவரைத் தாங்கியது பட்டர்.

எஞ்சினீயர்களுக்குப் பிடிக்கும் கதை ஒன்று. கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர். 40 வயதைத் தாண்டிய பிறகு கோல்ஃப் பழகினார். பட்டிங் சுத்தமாக வரவில்லை. தன்னைத் திட்டிக்கொள்வதோடு நிற்காமல், எடையை நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் நகர்த்தி, 1959-ல் தானே ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் எழுந்த சத்தத்தையே பெயராக வைத்தார்: பிங். நடுவில் படாத ஷாட்டையும் ஓரளவு காப்பாற்றும் இன்றைய கேவிட்டி பேக் அயர்ன்களிலும் இருப்பது இதே யோசனைதான்.

சரி, நான் என்ன வாங்கணும்?

முதல் வருடம் 7 கிளப் போதும்: டிரைவர், ஹைப்ரிட், 6, 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். செகண்ட் ஹேண்டாகவே வாங்கலாம், க்ரிப்பை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விங் ஓரளவு நிலைத்த பிறகு ஃபிட்டிங் போங்கள். அங்கே நல்லா ஆடிக் காட்டணும்னு வேகத்தைக் கூட்டாதீங்க. நீங்கள் நடித்தால், அந்த நடிப்புக்குத்தான் கிளப் அளப்பார்கள்.

பந்து எல்லா கிளப்பிலும் ஒரே மாதிரி கோணலாகப் போனால் காசை கோச்சிடம் கொடுங்கள். ஒரே ஒரு கிளப்பில் மட்டும் போனால், அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜோன்ஸ் பையில் இருந்த அந்த ஒன்று, உங்கள் பையிலும் இருக்கலாம்.