கண்ட உண்மையும் கைக்கொண்ட வழக்கமும்

ஓர் உண்மையைக் கண்டறிதல் அரிது. அதனைப் பலரும் கைக்கொள்ளுமாறு செய்தல் அதனினும் அரிது. பலர் கூடிப் பணிபுரியும் இடத்தில், மூத்தோர் செய்வதையே இளையோர் செய்வர்; நண்பர் ஏற்பதையே நண்பர் ஏற்பர். ஆதலின், உயிர் காக்கும் உண்மையும் அவர்தம் உறவின் வழியாகவே பரவுதல் வேண்டும். வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

அம்மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பகுதித் தாய்மாருள் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். மற்றதில் இறந்தோர் நூற்றுக்கு 3 பேரினும் குறைவு. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என ஆராய்ந்தார் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர்.

1847-இல் அவருடைய நண்பராகிய பேராசிரியர் ஒருவர், பிணத்தை அறுத்துச் சோதிக்கையில் விரலிற் காயமுற்று மாண்டார். தாய்மாரைக் கொன்ற நோயின் குறிகளே அவர் உடலிலும் காணப்பட்டன. அப்பொழுது செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. மாணவரும் மருத்துவரும் பிணவறையிலிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்டனர். மருத்துவச்சியரோ பிணவறைக்குச் செல்வதில்லை. நோயைக் கொணர்ந்தவை மருத்துவர்தம் கைகளே! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடுதல் வேண்டும் என மே திங்களில் அவர் விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

இத்துணைத் தெளிந்த சான்று இருந்தும் மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. தம் கைகளே சாவுக்குக் காரணமாயின என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. பகுதித் தலைவராகிய கிளைன் அக்கருத்தை ஏற்றிலர். ஹெப்ரா, ஸ்கோடா முதலிய நண்பர்கள் எழுதியும் பேசியும் துணைநின்றனர். எனினும் 1849-இல் செம்மல்வைஸின் பணி நீட்டிக்கப்படவில்லை. அவர் தம் நூலை வெளியிட்டது 1861-இல்தான். மறுத்தோரைக் கொலைஞர் என்று அவர் கடிந்தமையால், வந்து சேரக்கூடியவரும் விலகினர். 1865-இல் அவர் இறந்தார். பாஸ்டர், லிஸ்டர் முதலியோரின் ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே அவர் கண்ட உண்மை பரவலாக ஏற்கப்பட்டது. அதற்குள் மாண்ட தாய்மார் எத்துணையர்!

இன்று கைத்தூய்மையின் இன்றியமையாமையை அறியாத மருத்துவர் இலர். ஆயினும் அறிந்தவர் அனைவரும் எப்பொழுதும் அதனைச் செய்வதில்லை. அதனாலன்றோ, 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள், கைகழுவும் வசதியோடு பயிற்சியும், நினைவூட்டலும், செய்தனரா எனக் கண்டு எடுத்துரைத்தலும், அனைவரும் பொறுப்பேற்கும் பணியிடச் சூழலும் வேண்டும் என்கின்றன! தலைமை மருத்துவர் முதலில் கைகழுவினால் இளையோர் தாமே பின்பற்றுவர்; அவர் மறந்தால் சுவரில் ஒட்டிய அறிவிப்பு என்ன செய்யும்?

மாணவர்களே! உண்மையைக் கண்டவர் உடன் பணிபுரிவோரைத் துணையாக்கிக்கொள்ளுதல் வேண்டும். உடன் பணிபுரிவோரும், சொல்பவர் சிறியரா பெரியரா என்று நோக்காது, சான்று யாது என்று நோக்குதல் வேண்டும். இவ்விரண்டும் கூடுமிடத்திலேதான் அறிவு உயிரைக் காக்கும்.