அப்பாவின் மினியும் ஒரு றப்பர் உறையும்

முன்சில்லின் உட்புறம் முழுக்கக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது. குனிந்து பார்த்தேன். அச்சுத்தண்டின் றப்பர் பூட் வெடித்திருந்தது.

இது அப்பாவின் மினி. 1995 இடப்பெயர்வில் விட்டுப்போய், அடுத்த ஆண்டு திரும்பியபோது ரயரும் பற்றியும் இல்லாமல் கொட்டிலில் நின்றது. இதை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

1959இல் வந்த மினியில் எஞ்சின் முன்சில்லுகளையே சுழற்றுகிறது. சுழலும் சில்லு திரும்பவும் வேண்டும். அதற்காகவே ஆறு குண்டுகள் கொண்ட சி.வி. ஜொயின்ற். பூட் கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். இரண்டும் கலந்து இரும்பை அரைக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவார். அது சில வாரம்தான் தாங்கும்.

கராஜில் முழுத் தண்டையும் மாற்றச் சொன்னார்கள். முதலில் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓடிப் பார்த்தேன். 'டக் டக்' சத்தம் இல்லை. சத்தம் கேட்டால் ஜொயின்றே போய்விட்டது, பூட் மாற்றிப் பயனில்லை.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே பிரேக்கை ஒருவர் மிதிக்க, ஊசியை எடுத்து 1 5/16 அங்குல நட்டை இளக்குங்கள். பிறகு ஜாக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கி வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சில்லைக் கழற்றி, ஸ்ரியரிங் முனையையும் மேல், கீழ் போல் ஜொயின்ற்களையும் பிரித்து, ஹப்பைத் தண்டிலிருந்து எடுங்கள். அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். தண்டை வெளியே இழுத்தால் உட்பக்க ஜொயின்ற் கழன்றுவிடும். ஒருவர் பிடித்திருக்க, மென்சுத்தியலால் வெளி ஜொயின்றைத் தட்டி எடுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்தினேன். ஒரு காலத்தில் இந்தக் கார் ஓடியதே மண்ணெண்ணெயில்தான். குண்டுகளின் பாதையில் குழி இருந்தால் ஜொயின்றை மாற்றவேண்டும். எங்களுடையதில் இல்லை. புதுப் பூட்டை முதலில் தண்டில் ஏற்றி, புது வளையக் கிளிப் போட்டு, சி.வி. கிறீஸ் நிரப்பி, ஜொயின்றை 'கிளிக்' என்னும்வரை தட்டி ஏற்றினேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பட்டிகளை இறுக்கி, மற்றவற்றைப் பூட்டினேன். எங்கள் டிரம் பிரேக் மினிக்கு நட்டின் இறுக்கம் 60 இறாத்தல்-அடி. துளை பொருந்தாவிட்டால் இன்னும் சற்று இறுக்குங்கள், இளக்க வேண்டாம். ஊசி புதிதாக இருக்கட்டும்.

ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் பட்டிகளைப் பார்த்தேன். கிறீஸ் கசியவில்லை. மாதம் ஒருமுறை முன்சில்லுகளின் பின்னால் குனிந்து பாருங்கள். சிறு வெடிப்பிலேயே கண்டால் செலவு ஒரு பூட்டோடு முடியும்.