25 எழுத்து குறைந்தால்

இதயத் தசைக்குள் மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கிறது. இதயம் சுருங்குவது அதனால்தான். மயோசின் கண்டபடி இழுத்துவிடாமல் கட்டுக்குள் வைக்க, வண்டிக்கு பிரேக் போல, இன்னொரு புரதம் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் மயோசின் பிணைப்புப் புரதம் சி.

இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இந்தப் புரதத்தின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் இல்லை. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி உள்ளிட்டோர் 2009இல் இதை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட எழுத்துகள் புரதத்துக்கான குறிப்பிலேயே இல்லை. செல் எப்படியும் வெட்டி எறியப்போகிற இன்ட்ரான் பகுதியில்தான் இருந்தன. ஆனால் அவை இல்லாததால் வெட்டும் இடம் தடுமாறி, பக்கத்திலிருக்கும், புரதத்துக்கான குறிப்புள்ள எக்ஸான் பகுதியும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. புரதத்தின் வால்முனை உருமாறிப் போகிறது. மயோசின் இழையில் அது நங்கூரமிட்டு நிற்பதோ அந்த முனையால்தான்!

இதயத் தசை நோய்க்கான வாய்ப்பு இதனால் ஏறத்தாழ 7 மடங்கு கூடுவதாக அந்த ஆய்வு சொன்னது. ஆனாலும் இந்தக் குறை உள்ள பலர் நடுவயது வரை சாதாரணமாகவே இருக்கிறார்கள். இளமையில் பழுதான புரதத்தைச் செல் சிதைத்து அப்புறப்படுத்திவிடுகிறது, வயதானால் அந்தத் துப்புரவு மந்தமாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 2018இல் கதை இன்னும் சிக்கலானது. இந்த 25 எழுத்துக் குறை உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருப்பதும், இதயம் அளவுமீறி வலுவாகச் சுருங்குவது அவர்களிடமே தெரிவதும் அப்போது வெளிவந்தன. ஆகவே '4 சதவீதம்' என்று கேட்டதும் பதறுவது அவசரம் என்பேன்.

மரபணுவோடு சூழலும் கைகோப்பது பளிச்சென்று தெரிவது டைட்டின் என்ற இன்னொரு தசைப் புரதத்தின் மரபணுவில். டைட்டின், உடலிலேயே மிகப் பெரிய புரதம். அதைப் பாதியில் துண்டித்துவிடும் மரபணு மாற்றம் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இராது. மதுப் பழக்கத்தால் இதயம் வீங்கிப்போனவர்களில் அது சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பிரசவத்தையொட்டி இதயம் பலவீனமடையும் தாய்மார்களிடமும், சில புற்றுநோய் மருந்துகளால் இதயம் பாதிக்கப்பட்டவர்களிடமும் இதே மாற்றம் கூடுதலாகத் தென்படுகிறது.

மரபணு மாற்றம் இருந்தும் நோய் தாமதமாக வெளிப்படலாம் என்பதால்தான், குடும்பத்தில் ஒருவருக்கு இதயத் தசை நோய் என்று தெரிந்ததும், அறிகுறி எதுவும் இல்லாத உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஈசிஜி, எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு முறை 'நார்மல்' என்று வந்தாலும், சில ஆண்டு இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.